சந்தவாசல் கற்பித்த சந்தம்

வேலூரிலிருந்து திருவண்ணாமலைக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் கண்ணமங்கலத்தைக் கடந்து தெற்கே செல்லும்போது, மேற்கு வானத்தின் அடியில் நீலக் கோடாகத் தோன்றிய சவ்வாது மலை மெல்ல மெல்ல அருகில் வந்து நிற்கிறது. வழிநெடுக நெல் வயல்கள். அவற்றையடுத்து வாழைத் தோட்டங்கள். அவற்றிற்கு அப்பால் மலையின் பசுமை. போளூரை அடையும் முன் இச்சாலையில் அமைந்திருக்கும் சிற்றூரே சந்தவாசல். இங்கிருந்து மேற்கே பிரியும் சாலை படவேட்டிற்குச் செல்கிறது. சம்புவராய மன்னர்களின் தலைநகராக விளங்கிய படைவீடுதான் இன்று படவேடு என வழங்குகிறது. மலையிலிருந்து இறங்கிவரும் கமண்டல நதி இப்பகுதியின் வயல்களுக்கு உயிரூட்டுகிறது.

ஊர்ப் பெயர் ஆராய்ச்சி நம் நோக்கமன்று. எனினும் சந்தவாசல் என்னும் பெயரைக் கேட்கும்போது, தமிழ் கற்ற எவருக்கும் சந்தம் என்ற சொல் நினைவிற்கு வராமற் போகாது. சந்தமாவது பாட்டின் ஓசை நடை. வாசலோ உள்ளே நுழையும் வழி. ஓசையின் உலகிற்குள் நுழையும் வாசல் என்று இவ்வூரை நாம் கொண்டால் அதில் தவறொன்றுமில்லை. ஏனெனில் இப்பகுதியில் சில திங்கள் சுற்றிவருபவரின் செவிக்குக் கிடைக்கும் இசைக்கருவிகள் ஒன்றிரண்டல்ல.

ஆடி மாதத்து வெள்ளிக்கிழமைகளில் படவேடு ரேணுகாம்பாள் கோயிலை நோக்கி மக்கள் வெள்ளமெனத் திரள்வர். அப்போது இச்சாலையில் இரட்டை முழவாகிய பம்பையின் அதிர்வும், இடை சிறுத்த உடுக்கையின் விம்மலும் கலந்து கேட்கும். திருமண வீடுகளில் நாதசுரமும் தவிலும். இறுதி ஊர்வலங்களில் பறை. கோடையில் பாரத விழா நடக்கும் ஊர்களில் விடியும்வரை தெருக்கூத்து. ஞாயிறு காலையில் நம் ஆலயங்களிலிருந்து ஆர்மோனியமும் தபேலாவும், அண்மைக் காலமாகக் கீபோர்டும் கிடாரும் ஒலிக்கின்றன.

இத்தனை ஒலிகளுக்கு நடுவே வளரும் ஓர் இளைஞனுக்கு எல்லாவற்றையும் தொட்டுப் பார்க்க ஆசை எழுவது இயல்பே. அந்த ஆசையை எவ்வாறு நெறிப்படுத்துவது? இசையைத் தொழிலாகக் கொள்ளாமல், பகலெல்லாம் உழைத்துக் களைத்தபின் மாலையில் ஓர் அரைமணி நேரம் அதனோடு உறவாடும் எளியவர், பல கருவிகளைக் கற்கலாமா? கற்பதாயின் எதற்கு எவ்வளவு இடம் தருவது? நம் பங்குகளின் பாடகர் குழுக்கள் பலவற்றில் இன்று எழுந்துள்ள இக்கேள்விக்கு இப்பகுதியே விடையும் தருகிறது.

கூத்துப் பலகையின் பாடம்

தெருக்கூத்து நடக்கும் களத்தில், ஆடுவோருக்குப் பின்னே ஒரு பலகையில் அமர்ந்திருக்கும் இசைக்குழுவினரை வாசகர் பலரும் கண்டிருப்பீர்கள். ஒருவரிடம் ஆர்மோனியம், ஒருவரிடம் மிருதங்கம், மற்றொருவரிடம் டோலக், இன்னொருவரிடம் முகவீணை. பெயரில் வீணை இருப்பினும் முகவீணை ஊதுகருவியே. நாதசுரத்தின் தங்கை எனலாம். இவற்றோடு கைத்தாளம். இரவு தொடங்கும் கூத்து, பொழுது புலரும்வரை நடைபெறும். அத்தனை நேரமும் இவர்களது கை ஓயக்கூடாது, காலம் தவறக்கூடாது, வேடக்காரர் எந்தப் பாட்டை எந்தச் சுருதியில் எடுத்தாலும் உடன்செல்ல வேண்டும்.

இக்குழுக்களில் ஒருவர் ஒன்றுக்கு மேற்பட்ட கருவி அறிந்திருப்பது அரிதன்று. தாளம் தட்டியவரே டோலக்கை வாங்கி அடிப்பார். ஆர்மோனியக்காரர் பாடவும் செய்வார். ஆயினும் ஊராரைக் கேட்டுப் பாருங்கள். இன்னார் மிருதங்கக்காரர், இன்னார் பெட்டிக்காரர் என்று ஒவ்வொருவருக்கும் ஒரே ஓர் அடையாளத்தையே அவர்கள் சொல்வர். இரவு முழுவதும் தாங்கக்கூடிய ஒரு கருவி அவருக்கு உண்டு. மற்றவை, உடனிருப்பவர் தண்ணீர் குடிக்க எழுந்தால் இடத்தை நிரப்புவதற்கு உரியவை. பல தெரிந்திருத்தல் வேறு. ஒன்றில் நிலைத்திருத்தல் வேறு. இவ்விரண்டும் ஒருவரிடமே அமையலாம் என்பதற்கு இக்கூத்துக் கலைஞர்களே சான்று.

மின்சாரம் நின்ற வேளையில்

இப்பகுதியில் அடிவாரத்துக் கிளைக் கிராமம் ஒன்றில் மூதாட்டி ஒருவரின் அடக்கத் திருப்பலிக்குச் சென்றிருந்தேன். பாடகர் குழுவின் இளைஞர் ஒருவர் தம் கீபோர்டை இருசக்கர வண்டியில் கட்டிக்கொண்டு முன்னதாகவே வந்திருந்தார். நன்றாகப் பாடக்கூடியவர், ஆர்வம் மிக்கவர். திருப்பலி தொடங்கிய சிறிது நேரத்தில் மின்சாரம் நின்றுவிட்டது. கோயிலின் மூலையில் மறைந்த உபதேசியார் ஒருவர் வாசித்த பழைய ஆர்மோனியப் பெட்டி இருந்தது. துருத்தியும் கட்டைகளும் நன்னிலையில் இருந்தன. இளைஞர் அதன்முன் அமர்ந்தார். பெண்கள் தங்கள் குரலுக்கேற்ப ஐந்து கட்டைச் சுருதியில் பாட்டைத் தொடங்கினர். அவரது விரல்களோ ஒரு கட்டையை விட்டு நகரவில்லை. கீபோர்டில் ஒரு பொத்தானை அழுத்தினால் சுருதி தானே மாறிவிடும். விரல்கள் வழக்கமான கட்டைகளிலேயே நடக்கலாம். ஆர்மோனியத்தில் அந்தப் பொத்தான் இல்லை. இரண்டு அடிகளுக்குப் பின் அவர் கையை எடுத்துக்கொண்டார். முதிய பெண்கள் மட்டும் துணைக்கருவியின்றிப் பாடி முடித்தனர்.

யாரும் அவரைக் குறை கூறவில்லை. ஆனால் இறந்தவரின் பேரனாகிய அவர், தம் பாட்டியின் கடைசிப் பாட்டிற்குத் துணை நிற்க இயலாமற் போனதை எண்ணிக் கலங்கி நின்றார்.

அடக்கம் முடிந்து அவர்களது இல்லத்திற்குச் சென்றபோது அவருடைய தாயார் சொன்ன சொற்களை அப்படியே தருகிறேன். "நாலு வாத்தியம் வாங்கிக் குடுத்தோம் சாமி. ஒரு பாட்டு முழுசா வாசிச்சு நான் கேட்டதில்ல. கூடத்துல நெல்லு மூட்டை போட எடமில்ல. வாத்தியத்துக்கு மட்டும் எடம் இருக்குது." திரும்பிப் பார்த்தேன். சுவரில் ஒரு கிடார். பரண்மேல் தபேலா இரண்டு. அலமாரியில் ஒரு புல்லாங்குழல். வண்டியிலிருந்து இறக்கிய கீபோர்டு.

"ஏன் தம்பி, எது உனக்கு மிகவும் பிடிக்கும்?" என்றேன்.

"எல்லாமே பிடிக்கும் சாமி. அதுதான் தொல்லை. கிடாரை எடுத்தா தபேலா கூப்பிடுது. தபேலாவுல உக்காந்தா குழல் ஞாபகம் வருது. ஒண்ணை எடுத்தா மத்ததுக்குத் துரோகம் பண்ற மாதிரி இருக்குது" என்றார்.

பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான் என்ற பழமொழி என் நாவின் நுனிவரை வந்தது. ஆனால் துயர வீட்டில் அதைச் சொல்ல மனமில்லை. மேலும், அப்பழமொழி முழு உண்மையும் அன்று. பல மரங்களைத் தொட்டுப் பார்த்த தச்சனுக்கே எந்த மரம் தன் கைக்கு ஏற்றது என்பது விளங்கும். தொட்டுப் பார்த்தது குறையன்று; தொட்டுப் பார்ப்பதிலேயே காலம் முழுவதையும் கழிப்பதே குறை.

பல கற்று ஒன்றில் நிலைத்தவர்

இதற்கு நம் தமிழகத்திலேயே சிறந்த எடுத்துக்காட்டு உண்டு. வீணை எஸ். பாலச்சந்தர் 1927-இல் சென்னையில் பிறந்தவர். சிறு வயதிலேயே கஞ்சிராவைக் கையிலெடுத்தார். 1934-இல் வெளிவந்த 'சீதா கல்யாணம்' திரைப்படத்தில் இராமனாக நடித்தவர் அவருடைய தமையனார் எஸ். ராஜம், சிறுவன் பாலச்சந்தரும் அப்படத்தில் தோன்றினார். ஆர்மோனியம், தபேலா, மிருதங்கம், தில்ரூபா, சிதார் என ஒன்றன்பின் ஒன்றாகப் பல கருவிகளை ஆசிரியர் துணையின்றியே பயின்றார். பின்னர் வீணையைத் தொட்டார். அதிலேயே நிலைத்தார். திரைப்பட இயக்குநராகவும் விளங்கி, 1954-இல் பாடல்களே இல்லாத 'அந்த நாள்' என்னும் படத்தைத் தந்த அவர், பிற்காலத்தில் திரைத்துறையையும் விட்டு வீணைக்கே தம்மை ஒப்படைத்தார். 1982-இல் பத்மபூஷண் விருது பெற்ற அவர் 1990-இல் மறைந்தார்.

அவர் முன்னர் கற்ற கருவிகளெல்லாம் வீணாயினவோ? இல்லை. தாளக் கருவி பழகிய கை காலப் பிரமாணத்தை மறப்பதில்லை. சிதாரில் கம்பியை இழுத்துப் பழகிய விரல் வீணையிலும் கம்பியின் தன்மையை அறியும். கருவி மாறினாலும் செவி ஒன்றே. ஆர்மோனியத்தில் சுரத்தானங்களைத் தெளிவாக உணர்ந்தவர், வயலினில் விரல் வைக்கும்போது தம் பிழையைத் தாமே கண்டுகொள்வார். மாறாக, ஆர்மோனியத்தில் எட்டாத கமகத்தை வயலினில் கேட்டவர் தம் பாட்டிலே அதைக் கொண்டுவருவார். செவியும் காலமும் ஒரு கருவியிலிருந்து மற்றொன்றிற்கு உடன்வரும் செல்வங்கள்.

உடன்வராதது கை. கிடார் கம்பி இடக்கை விரல்நுனிகளைக் காய்க்கச் செய்யும். சில வாரம் விட்டுவிட்டால் காய்ப்பு மறைந்து மீண்டும் வலிக்கும். வயலினுக்கும் கிடாருக்கும் இடக்கை நகம் ஒட்ட வெட்டப்பட வேண்டும். வீணையை நகத்தால் மீட்டுவோர் வலக்கையில் நகம் வளர்ப்பர். அந்நகத்தோடு தபேலாவில் அமர்வது எளிதன்று. குழலுக்கு உதடு பழக வேண்டும். அதுவும் நாள்தோறும் பழகினாலன்றி நிலைக்காது. ஆகவே புதிதாய் ஒரு கருவியை எடுப்பவர், தம் செவி முன்னரே தேர்ந்துவிட்டமையால் கையும் விரைவில் தேர்ந்துவிடும் என்று எண்ணி ஏமாறக்கூடாது. செவிக்கும் கைக்கும் உள்ள இந்த இடைவெளிதான் பலரைச் சலிப்படையச் செய்து, அடுத்த கருவியை நோக்கி ஓடவைக்கிறது.

உடைந்த வயலின்

1952-இல் நம் வேலூர் மறைமாவட்டம் தோன்றியபின் அதன் முதல் இரு ஆயர்களாக விளங்கியோர் சலேசிய சபையினர். எனவே அச்சபையைத் தோற்றுவித்த புனித தொன் போஸ்கோவின் வாழ்க்கை நம் இல்லங்களுக்குப் புதிதன்று. அவர் இளமையில் கியேரி நகரில் பயின்றபோது இசையும் பயின்றார், வயலினும் வாசித்தார். குருமாணவராக இருந்த நாளில் உறவினர் இல்ல விழா ஒன்றில், வற்புறுத்தலுக்கு இணங்கி அவர் வயலின் வாசித்துக்கொண்டிருந்தார். வெளியே கால்களின் ஓசை கேட்டது. எட்டிப் பார்த்தால், முற்றத்தில் ஒரு கூட்டம் அவரது இசைக்கு நடனமாடிக்கொண்டிருந்தது. தாம் மேற்கொள்ளவிருந்த குருத்துவ வாழ்விற்கு இது பொருந்தாது என முடிவு செய்து, வீடு திரும்பியதும் தம் வயலினை உடைத்தெறிந்ததாக அவரே தம் நினைவுக் குறிப்புகளில் எழுதியுள்ளார்.

இந்நிகழ்ச்சியைப் படித்துவிட்டு, அவர் இசையை வெறுத்தார் என்று கொள்வது பிழை. பின்னாளில் தூரின் நகரத்து ஏழைச் சிறுவர்களுக்குப் பாட்டு வகுப்பு நடத்தியவரும், அவர்களைக் கொண்டு வாத்தியக் குழு அமைக்கச் செய்தவரும் அவரே. ஒரு கருவியை விட்டார், இசையை விடவில்லை. எது தம் பணிக்கு உதவும், எது உதவாது என்று பிரித்தறிந்தார். நம் வீட்டுப் பிள்ளைகள் கருவியை உடைக்கத் தேவையில்லை. ஆனால் ஒன்றை விடுவதற்கும் துணிவு வேண்டும் என்பதை அவரிடம் கற்கலாம்.

கிடைக்கும் நேரத்தை எப்படிக் கையாள்வது என்பதற்கு மற்றொரு சான்று ஆல்பர்ட் சுவைட்சர். 1875-இல் அல்சாசு நாட்டில் பிறந்த இவர் இறையியல் அறிஞர். ஆர்கன் இசையில் வல்லவர். பாக் என்னும் இசை மேதையைப் பற்றி நூல் எழுதியவர். மருத்துவம் கற்று 1913-இல் ஆப்பிரிக்காவின் லம்பரேனேக்குச் சென்றபோது, இனி இசைக்கு இடமில்லை என்றே எண்ணினார். ஆனால் பாரிசு நகரத்துப் பாக் சங்கத்தார், ஆர்கனைப் போன்று காலாலும் வாசிக்கத்தக்க மிதிகட்டைகள் பொருத்திய பியானோ ஒன்றை அவருக்கு வழங்கியிருந்தனர். நோயாளிகளைக் கவனித்து முடித்தபின் எஞ்சிய சிறு பொழுதுகளில் அதன்முன் அமர்ந்தார். ஒரே ஓர் உருப்படியை எடுத்து, வாரங்களும் மாதங்களும் ஆனாலும் அதை நுணுக்கமாகக் கற்று மனப்பாடம் செய்வது என்று முடிவு செய்தார். நேரம் குறைந்ததால் அவர் இசை மெலியவில்லை, ஆழமே பெற்றது. வயலுக்கும் கடைக்கும் ஆலைக்கும் சென்று திரும்பும் நம் இளைஞருக்கு இதைவிட ஏற்ற முன்மாதிரி வேறு உண்டோ?

பங்கும் கிளைகளும்

அந்த இளைஞரோடு பின்னர்ப் பலமுறை பேசினேன். எல்லாவற்றையும் ஒரே அளவில் நேசிப்பதே நீதி என்று அவர் எண்ணியிருந்தார். அவருக்குப் புரியும்படி நம் பங்கு வாழ்க்கையையே எடுத்துக் கூறினேன்.

ஒரு பங்கில் தலைமைக் கோயில் ஒன்று. கிளைக் கிராமங்கள் பல. தலைமைக் கோயிலில் நாள்தோறும் திருப்பலி உண்டு. ஒரு கிளைக் கிராமத்தில் வாரம் ஒருமுறை; மலைமேல் உள்ள சிற்றூரில் மாதம் ஒருமுறை. இதனால் கிளைக் கிராமத்து மக்களைக் குருவானவர் குறைவாக நேசிக்கிறார் என்று பொருளன்று. தலைமைக் கோயிலின் விளக்கு அணையாது எரிந்தால்தான் அங்கிருந்து கிளைகளுக்கு ஒளி எடுத்துச் செல்ல முடியும். எல்லாக் கிராமங்களுக்கும் நாள்தோறும் செல்ல முயல்பவர் எந்த ஊரிலும் திருப்பலியை முடிக்காமல் சாலையிலேயே நாளைக் கழிப்பார்.

கருவிகளும் அவ்வாறே. ஒன்று தலைமைக் கோயில். நாளும் அரைமணி நேரம் அதற்கு. இரண்டாவது கருவிக்கு வாரத்தில் இரண்டு மாலைகள், கால்மணி நேரம் கூடுதலாக. மூன்றாவதை ஞாயிறு பிற்பகலில் மகிழ்ச்சிக்காக எடுக்கலாம். எடுக்காவிட்டாலும் மனம் வருந்தத் தேவையில்லை. நான்காவது, நாம் செல்ல இயலாத ஊரைப் போன்றது. அதை வேறொருவரிடம் ஒப்படைப்பதே அன்பு.

திருவழிபாடு பற்றிய இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் ஏடும் இதே ஒழுங்கைக் காட்டுகிறது. 1963-இல் வெளியான அவ்வேடு, குழல் ஆர்கனைப் பெரிதும் மதிக்கச் சொல்லியது. கூடவே, வழிபாட்டிற்குத் தகுதியான பிற கருவிகளையும் ஏற்க வாயில் திறந்தது. ஒன்றுக்கு முதன்மை, பிறவற்றிற்கு இடம்.

இரண்டாவது கருவியை எப்போது தொடங்குவது? இதற்கு நாங்கள் ஓர் அளவுகோல் வகுத்துக்கொண்டோம். முதற்கருவியில் ஒரு திருப்பலிக்கு வேண்டிய பாடல்கள் அனைத்தையும் ஏட்டைப் பாராமல், மின்சாரம் இல்லாவிடினும், பாடுவோர் எடுத்த சுருதியிலேயே வாசிக்க இயலவேண்டும். ஒரு கட்டை, இரண்டு கட்டை, ஐந்து கட்டை என்று மூன்று சுருதிகளிலாவது விரல்கள் தடுமாறாமல் நடக்கவேண்டும். அதன்பின்னரே இரண்டாவது. அதுவும் முதலாவதற்கு மாறான பணியுடையதாய் இருத்தல் நன்று. சுரக் கருவி வாசிப்பவர் தாளக் கருவியைத் துணையாகக் கொண்டால் இரண்டும் ஒன்றையொன்று வளர்க்கும். எந்தக் கருவியானாலும் முதலில் வாயாற் பாடி, கையால் தாளம் போட்டு, பின்னரே விரல்களைக் கொண்டுசெல்ல வேண்டும். ஏனெனில் எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான தாய் நம் தொண்டைதான்.

அந்த இளைஞர் பழைய உபதேசியாரின் ஆர்மோனியத்தையே தம் தலைமைக் கருவியாகத் தேர்ந்தார். தபேலாவைத் துணையாக வைத்துக்கொண்டார். கிடாரை ஆரணியில் இருக்கும் தம் சித்தி மகனுக்குக் கொடுத்துவிட்டார். கொடுத்த அன்று இரவு உறக்கம் வரவில்லை என்றார். இப்போது அத்தம்பி தம்மைவிட நன்றாக வாசிக்கிறான் என்று சொல்லும்போது, மகிழ்ச்சியோடு சிறிது ஏக்கமும் அவர் குரலில் தொனிக்கிறது. குழல் இன்னும் அலமாரியில் காத்திருக்கிறது. கீபோர்டு திருவிழாக்களுக்கு மட்டும் வெளியே வருகிறது. ஓராண்டு கழித்து மற்றோர் அடக்கத் திருப்பலியில், பெண்கள் எடுத்த சுருதியைச் செவியாற் பிடித்து ஆர்மோனியத்தில் அவர் உடன்சென்றார். ஓரிரு இடங்களில் விரல் இடறியது. ஆனால் பாட்டு நிற்கவில்லை. அவர் தாயார் பின்வரிசையில் அமர்ந்து, முழுப் பாட்டையும் கேட்டார்.

பெற்றோருக்கு ஒரு சொல்

அன்புப் பெற்றோரே! பிள்ளை ஒரு கருவியைக் கேட்டால் மகிழ்ந்து வாங்கிக் கொடுங்கள். இரண்டாவதைக் கேட்டால், முதலாவதில் ஒரு பாட்டை முழுமையாக வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். வாசித்தால் வாங்குவதில் தடையில்லை. வாசிக்காவிட்டால் அதட்ட வேண்டாம். "இன்னும் சில மாதம் பார்ப்போம்" என்று சொன்னாற் போதும். அவன் வாசிக்கும் அரைமணி நேரம் தொலைக்காட்சியை நிறுத்திவையுங்கள். கைப்பேசியை வேறிடத்தில் வையுங்கள். கருவியின் விலையைவிட இந்த அமைதி பெரிய உதவி. பயன்படாத கருவி வீட்டில் இருந்தால், பங்கில் ஆர்வமுள்ள ஏழைப் பிள்ளை ஒருவனுக்கு அது போய்ச் சேரட்டும். மூலையில் தூசி படியும் கருவி யாருக்கும் பாடுவதில்லை.

சவ்வாது மலைக்கு ஏறும் வழிகள் பல. போளூரிலிருந்து சமுனாமரத்தூருக்கு ஒரு சாலை. ஆலங்காயத்திலிருந்து காவலூர் வழியாக ஒரு சாலை. திருப்பத்தூர்ப் பக்கமிருந்து மற்றொன்று. ஒவ்வொரு வழியிலும் ஒவ்வோர் அழகு உண்டு. ஆயினும் ஒருவர் ஒரு நாளில் ஒரு வழியாகத்தான் ஏற முடியும். அடிவாரத்து ஊர்களைச் சுற்றிச் சுற்றி வந்து எல்லா வழிகளின் தொடக்கத்தையும் பார்த்தவர், மலையைப் பார்த்தவராகார். ஒரு வழியாக ஏறி உச்சியை அடைந்தவருக்கோ, மற்ற வழிகளெல்லாம் எங்கே வந்து சேர்கின்றன என்பது மேலிருந்தே தெரியும். இன்று மாலையே உங்கள் இல்லத்தில் உள்ள கருவிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துத் தூசி தட்டுங்கள். ஒரு பாட்டை, முதலிலிருந்து முடிவுவரை, வாசித்துப் பாருங்கள்.